யானைக்காகவா பிளாஸ்டிக்?

கேள்வி: பிளாஸ்டிக்கை எல்லோரும் திட்டுகிறோம். ஆனால், தந்தத்துக்காக யானைகளைக் கொல்வதைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் முதல் பிளாஸ்டிக் கம்பெனியையே தொடங்கினார்கள் என்று படித்தேன். அதற்காவது நன்றி சொல்ல வேண்டாமா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில், அது முதல் கம்பெனியே அல்ல. லண்டனில் அலெக்சாண்டர் பார்க்ஸ் 1866-ல் ஒன்றைத் தொடங்கி, மலிவாகத் தருகிறேன் என்று மட்டமான சரக்கைத் தள்ளி, 1868-ல் இழுத்து மூடிவிட்டார்.

நீங்கள் படித்தது, ஆல்பனி நகரில் அச்சுத் தொழிலாளியாக இருந்த ஜான் வெஸ்லி ஹையாட் கதை. தந்தத்தின் விலை ஏறியதால், பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று பந்து செய்யும் கம்பெனி ஒன்று அறிவித்திருந்தது. ஹையாட்டை இழுத்தது அந்தப் பரிசு, யானை அல்ல. முதலில் அவர் பந்துக்குப் பூசிய மேல்பூச்சு, வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. கொலராடோவிலிருந்து ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்துக்காரர் கடிதம் போட்டாராம்: பந்துகள் மோதும்போது சில சமயம் 'டப்' என்கிறது, எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் சத்தம் கேட்டதும் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் துப்பாக்கியை உருவிவிடுகிறார்கள்! ஹையாட்டே பிற்காலத்தில் சொன்னது இது.

சரி, 1870-ல் ஹையாட்டும் அவர் சகோதரரும் கற்பூரம் கலந்து செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக்கைச் செய்யக் கற்றார்களே, உடனே எதை விற்றார்கள்? பல்செட் தட்டு. ரப்பர் தட்டுக்கு லைசென்ஸ் கட்டணம் கட்டியே நொந்துபோயிருந்த பல் வைத்தியர்கள்தான் வாடிக்கையாளர்கள். தட்டில் கற்பூர வாடை அடித்தது, போகப்போகக் கோணிக்கொண்டது. அப்புறம் நியூஜெர்சியின் நூவர்க் நகருக்குப் போய், செல்லுலாய்டு மேனுபேக்சரிங் கம்பெனி என்ற பெயரில் சீப்பு, சட்டைக் காலர், கைப்பட்டி என்று இறங்கியபோதுதான் காசு பார்த்தார்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும், சலவைக்கூலி மிச்சம் என்பதுதான் காலரின் கவர்ச்சி.

யானைக்கும் ஆமைக்கும் செல்லுலாய்டு நிம்மதி தந்தது என்ற வசனம் பிறகு கம்பெனியின் விளம்பரப் பிரசுரத்தில் வந்தது. நீங்கள் படித்தது அதன் பேரப்பிள்ளை. நல்ல ஆட்டக்காரர்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் தந்தப் பந்தைத்தான் கேட்டார்கள். பியானோ கட்டைகளுக்கும் தந்தம் போய்க்கொண்டேதான் இருந்தது.

அந்தக் கற்பூரமோ தைவான் காட்டு மரங்களை வெட்டிச் சீவி, ஆவியில் காய்ச்சி எடுத்தது. செல்லுலாய்டு அதை அள்ளி விழுங்கியது. தைவானைப் பிடித்த ஜப்பான் 1899-ல் அந்த வியாபாரத்தையே அரசு ஏகபோகமாக்கிக்கொண்டது.