பதில்: சரஸ்வதி உருவம் போட்ட பட்டு ஸ்கார்ஃபை ஃப்ரேம் போடலாமா?

வணக்கம். சரஸ்வதி உருவம் அச்சிட்ட 90 செ.மீ. பட்டு ஸ்கார்ஃபைக் கழுத்தில் கட்ட மனம் வரவில்லை, அட்டையில் பசை தடவி ஒட்டி மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒட்டாதீர்கள். நாளாக ஆகப் பசை பழுப்பேறித் துணிக்கு மேலேயே கறையாகத் தெரியும். பிறகு கிழியாமல் பிரிப்பது பெரும்பாடு.

தைப்பதுதான் சரி. அமிலமில்லாத (நாளடைவில் துணியைப் பழுப்பாக்காத) அட்டையின்மேல், துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை இழுத்துக் கட்டுங்கள். அதன்மேல் ஸ்கார்ஃபை விரித்து, மெல்லிய ஊசியில் பட்டு நூல் கோத்து ஓரத்தை மட்டும் தையுங்கள். ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள்: கையால் சுருட்டித் தைத்தது என்றால் சின்னக் குழாய்போல உப்பலாக இருக்கும். அந்தச் சுருளுக்கு அடியில் ஊசி போனால் தையலே தெரியாது. அதை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிவிடாதீர்கள், அழகே அதில்தான் இருக்கிறது. நூலையும் இறுக்க வேண்டாம். காற்றின் ஈரத்துக்கேற்பப் பட்டு கொஞ்சம் தளரும், சுருங்கும்.

கண்ணாடி துணியில் படாதபடி நடுவே இடைவெளி விடும்படி ஃப்ரேம் போடுபவரிடம் சொல்லுங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது. அப்போதும் வெயில் விழும் சுவர் வேண்டாம். வெளிச்சத்தில் மஞ்சளாகி இற்றுப்போன பட்டுத் துணியை யாராலும் மீட்க முடியாது.