5ஜி சோதனைக்கு 40 லட்சம் வேண்டுமா?

கேள்வி: கோவை அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரே டவரில் இணைந்த பல போன்களுக்கு அலைவரிசையைப் பங்கிடும் ஷெட்யூலர் ஒன்றை எழுதியிருக்கிறேன். சிமுலேஷன் மட்டும் போதாது, நிஜ நெட்வொர்க்கில் காட்டுங்கள் என்கிறார்கள். 'முழு 5ஜி லேப்' அமைத்துத் தர ஒரு டீலர் 40 லட்சம் கேட்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அந்தக் கொட்டேஷனை முதலில் ஓரமாக வையுங்கள்.

உங்களுக்குத் தேவை, உள்ளே கை வைத்து மாற்றக்கூடிய பேஸ் ஸ்டேஷன், அதாவது டவரில் இருந்து போன்களோடு பேசும் பகுதி. அது மென்பொருளாகவே இலவசமாகக் கிடைக்கிறது: ஓப்பன்ஏர்இன்டர்ஃபேஸ், எஸ்ஆர்எஸ்ரான். சிம்மைச் சரிபார்த்து போனை இணையத்தோடு சேர்க்கும் கோர் நெட்வொர்க்குக்கு ஓப்பன்5ஜிஎஸ். இதே மென்பொருளுக்கு மேலே அழகான திரை ஒன்றை ஒட்டி, லைசென்ஸ் பூட்டு போட்டு, வருடா வருடம் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். "ஷெட்யூலரின் சோர்ஸ் கோடைத் திறந்து என் கோடைப் போட முடியுமா? எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த லேப் உங்களுக்குப் பயன்படாது. உங்கள் சொந்த நெட்வொர்க்குக்குத் தனி சிம் கார்டு வேண்டும். அதிலும் இதே கதைதான். அட்மின் கீ (சிம்மில் உள்ளதை மாற்ற உதவும் ரகசிய எண்) தராதவரிடம் சிம் வாங்காதீர்கள். அது இல்லாமல் சிம்முக்குள் இருக்கும் அடையாள எண்ணையோ ரகசியச் சாவியையோ மாற்ற முடியாது. ஒவ்வொரு தடவையும் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும்.

ஓப்பன்ஏர்இன்டர்ஃபேஸில் ரேடியோ கருவியே இல்லாமல் ஓட்டும் வசதி உண்டு. கோடு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் அது நிஜ நேரத்தில் ஓடாது. அதில் வரும் தாமதக் கணக்கைக் கட்டுரையில் போடாதீர்கள்.

அப்புறம், கணினியோடு இணைத்து ரேடியோ அலையை அனுப்பி வாங்க, யூஎஸ்ஆர்பி பி210 மாதிரி ஒரு ரேடியோ கார்டு. போன்களுக்குப் பதிலாக ஆன்டெனா சாக்கெட் உள்ள 5ஜி மோடம்கள். இரண்டையும் கேபிளில் இணையுங்கள். நடுவே சிக்னலைக் குறைக்க 30 டெசிபல் அட்டென்யுவேட்டர் போதும் என்று கடைக்காரர் சொல்வார். போதாது. மோடம் உச்சத்தில் 23 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) அனுப்பும், சில மோடம்கள் 26 வரை போகும். பி210-இன் உள்வாங்கும் பக்கம் தாங்குவது −15 வரைதான். 41 டெசிபலுக்குக் குறைந்தால் கார்டு போய்விடலாம். 50 போடுங்கள்.

எல்லா மோடத்துக்கும் ஒரே அட்டென்யுவேட்டர் போட்டால் எல்லாருக்கும் ஒரே சிக்னல் கிடைக்கும். அப்போது உங்கள் ஷெட்யூலரும் பழைய ஷெட்யூலரும் ஒன்று போலவே தெரியும். மூன்று மாத உழைப்பு வீணாகும். அதனால் ஒவ்வொரு மோடத்தின் வழியிலும், கணினியிலிருந்து ஏற்றி இறக்கக்கூடிய அட்டென்யுவேட்டர் ஒன்றை அந்த 50-க்கு மேல் கூடுதலாக வையுங்கள். ஒரு மோடம் டவரை விட்டு விலகிப் போவது போலவும், இன்னொன்று பக்கத்திலேயே நிற்பது போலவும் காட்டலாம். அதே ஓட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அப்படியே திரும்ப நடத்தலாம். காற்றில் அது நடக்காது. பணம் மிச்சம் பிடிக்க இதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஆன்டெனா மாட்டிக் காற்றில் அனுப்பும் ஆசை வேண்டாம். 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை 5ஜிக்காக ஏலத்தில் விடப்பட்டது. அனுமதியில்லாமல் அங்கே அலை பரப்புவது குற்றம். பரிசோதனை உரிமத்துக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காற்றில் பரப்பாத சோதனைக்கும் அங்கே தனி வகை இருக்கிறது. "உரிமத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள். வழக்கு வந்தால் கல்லூரியின் பெயரில்தான் வரும்.

சுமார் 220 கோடி ரூபாயில் ஐஐடி மெட்ராஸ் தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய 5ஜி டெஸ்ட் பெட் (சோதனைக் களம்), 2022 மே 17 அன்று திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில் 100 கல்வி நிறுவனங்களுக்கு 5ஜி ஆய்வகங்களும் வழங்கப்பட்டன. இவ்வளவு இருந்தும், பக்கத்துக் கல்லூரி மாணவி எந்தப் படிவத்தை நிரப்பி, யாரைக் கேட்டு உள்ளே போவது என்பது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் பவுடர் டெஸ்ட் பெட்டில் ஆய்வாளர்கள் தங்கள் மேசையில் இருந்தபடியே நேரம் பதிவு செய்து சோதனை நடத்துகிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கருவியை நம் மாணவர்களும் அப்படிப் பயன்படுத்த வேண்டாமா?

அதற்காகக் காத்திருக்காமல் கேபிள் சோதனையை முடித்துவிடுங்கள். அந்த முடிவுகளை இணைத்து, எத்தனை நாள் வேண்டும், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எத்தனை மோடம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் வழிகாட்டியின் கையெழுத்தோடு அந்த டெஸ்ட் பெட்டுக்கோ பக்கத்து 5ஜி ஆய்வகத்துக்கோ அனுப்புங்கள்.