மூடி போட்ட கிணறு

அன்புள்ள அம்மா,

வணக்கம். வாசகர் கடிதங்களுக்கு நீங்கள் எழுதும் பதில்களைப் படிப்பவள் நான். மியூனிக்கில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். போன மாதம் மூன்று நாள் வெனிஸ் போய்வந்தேன். உடன் வருவதாக இருந்த தோழி கடைசி நேரத்தில் வரவில்லை. டிக்கெட்டை வீணாக்க மனமில்லாமல் தனியாகவே கிளம்பிவிட்டேன். முன்கூட்டியே பட்டியல் போட்டுக்கொண்டு போனதால் பதினேழு இடங்களைப் பார்க்க முடிந்தது. ஆனால் ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. கொண்டோலா படகுக்கு அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. நான்கு பேர் என்றால் பங்கு போடலாம், ஒருத்தி என்ன செய்வது? சாப்பிடப் போன இடத்தில் "ஒருவர்தானா?" என்று கேட்டுக் கழிவறைக்குப் பக்கத்து மேசையைக் காட்டினார்கள். தினமும் வழி தவறினேன். ஊரைச் சுற்றிலும் தண்ணீர், ஆனால் குடிக்க ஒரு பாட்டில் 3 யூரோ! கடைசி நாள் சாயங்காலம் ஏதோ ஒரு சின்ன சதுக்கம், நடுவில் கல் தொட்டி மாதிரி ஒன்று, மேலே இரும்பு மூடி. அதன் விளிம்பில் உட்கார்ந்து காரணமே தெரியாமல் அழுதேன். எல்லா ஜன்னல்களும் சாத்திக் கிடந்தன. ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. தனியாகப் போகும் பயணத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா அம்மா? அடுத்து ஆம்ஸ்டர்டாம் போக ஆசை. துணை கிடைக்கும்வரை காத்திருக்கட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இங்கே ஐப்பசி மழை. தினமும் காலையில் ஊரிலிருக்கும் தம்பிக்கு போன் போட்டு ஊருணி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் முதுகுளத்தூர் பக்கம். அங்கிருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதத்தில் 'கல் தொட்டி மாதிரி ஒன்று' என்ற வரியைப் படித்ததும் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அது தொட்டி இல்லை, கிணறு. நீங்கள் உட்கார்ந்து அழுதது ஒரு கிணற்றடியில்.

அதற்கு முன் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். கழிவறைப் பக்கத்து மேசை கொடுத்தால் எழுந்து வேறு கடைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த ஊரில் நின்றுகொண்டே சாப்பிடும் சின்னச் சின்ன மதுக்கடைகள் உண்டு. ரொட்டித் துண்டின் மேல் மீனோ காயோ வைத்துத் தருவார்கள், மது குடிக்காதவர்களும் போகலாம். அங்கே தனியாக நிற்பவர்களை யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். கொண்டோலாவை விடுங்கள். ரியால்டோ சந்தைக்கு எதிர்க்கரையில், சாந்தா சோபியா படகுத்துறையில், டிராகெட்டோ என்று ஒரு பரிசல் மாதிரி போகும். அதுவும் கொண்டோலாதான், கொஞ்சம் பெரியது, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று இரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள். 2 யூரோ கொடுத்தால் பெரிய கால்வாயைக் கடந்து மீன் சந்தையில் இறக்கிவிடுவார்கள். வழி தவறியதற்கு வருத்தமே வேண்டாம். அங்கே வீட்டு எண்கள் தெருவுக்குத் தெரு தொடங்குவதில்லை. ஊரை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே தொடர்ச்சியாக ஆயிரக்கணக்கில் எண் போட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரருக்கு வழி தெரிந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் மூன்று நாளில் பதினேழு இடமா? உங்களிடம் யார் கணக்குக் கேட்டார்கள்? கோபம் வந்தால் எனக்கு 'நீங்கள்' வராது, இனி நீ என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வாரம் முழுக்க அலுவலகத்தில் வேலைகளை ஒவ்வொன்றாக முடித்து டிக் அடிக்கிறாய். விடுமுறையிலும் அதே டிக்கா? பதினேழு இடத்திலும் படம் எடுத்திருப்பாய். எந்த இடத்திலாவது அரை மணி நேரம் சும்மா நின்றாயா? நீ சும்மா உட்கார்ந்த ஒரே இடம் அந்தக் கிணற்றடி. அங்கேதான் உனக்கு அழுகை வந்திருக்கிறது. அங்கேதான் அந்த ஊர் முதன்முதலாக உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது உன் பட்டியலில் இல்லாத பதினெட்டாவது இடம்.

இன்னொன்று. கிணற்று விளிம்பில் உட்காரக் கூடாது என்பது அந்த நகரத்தின் விதி, அபராதமும் உண்டு. எனக்கு அபராதம் பெரிதில்லை. கிணற்றில் ஏறி உட்காருவதா என்று எங்கள் அம்மா இருந்திருந்தால் உன் முதுகில் ஒன்று வைத்திருப்பாள்.

சரி, அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்கிறேன். வெனிஸ் உப்புக் காயலில் சேற்றுத் திட்டுகள் மேல் எழுந்த ஊர். மரக்கம்பங்களைச் சேற்றில் நெருக்கமாக அடித்து, அதன் மேல் கல் பரப்பி, அதன் மேல் வீடு கட்டினார்கள். இதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அத்தனை பேர் என்ன குடித்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. 'தண்ணீருக்குள் இருக்கிறது, தண்ணீர் இல்லை' என்று தங்கள் ஊரைப் பற்றி அவர்களே பழைய நாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். தோண்டினால் உப்புத்தண்ணீர். அப்புறம் கிணறு எப்படி?

சதுக்கம் முழுக்கத் தோண்டுவார்கள், இரண்டு மூன்று ஆள் ஆழத்துக்கு. குழியின் அடியிலும் பக்கங்களிலும் களிமண்ணைத் தடிமனாக அப்பி, காயல் தண்ணீர் கசிந்து வராமல் அடைப்பார்கள். நடுவில் செங்கல்லால் உறை எழுப்புவார்கள். உறைக்கும் களிமண்ணுக்கும் நடுவே ஆற்று மணலை நிரப்புவார்கள். மேலே கல் பாவி, தரையை லேசாகச் சாய்த்து, கிணற்றைச் சுற்றி நாலு இடத்தில் ஓட்டை போட்ட வெள்ளைக்கல் பதிப்பார்கள். மழை பெய்தால் சதுக்கத்தின் தண்ணீர் அந்த ஓட்டைகளில் இறங்கும். சுற்றியுள்ள கூரைகளில் விழும் தண்ணீரையும் கல் வாய்க்கால் வழியாக அங்கேயே கொண்டுவருவார்கள். மணலுக்குள் மெதுவாக ஊறி, வடிந்து, சுத்தமாகி, உறைக்குள் வந்து நிற்கும். நீ கல் தொட்டி என்று நினைத்தது அந்த உறையின் வாய். மற்றதெல்லாம் உன் காலடியில் இருந்தது. நீ நடந்துபோன சதுக்கம் முழுவதுமே கிணறுதான்!

19ஆம் நூற்றாண்டில் இப்படி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகள் அந்த ஊரில் இருந்தன. பெரும்பாலானவை வசதியானவர்கள் வீட்டு முற்றத்தில். மற்ற எல்லோருக்கும் சதுக்கத்துக் கிணறு. அதற்குப் பூட்டு உண்டு, சாவி அந்தப் பகுதித் தலைவரிடம் இருக்கும். காலையும் மாலையும் மணி அடித்துத் திறப்பார்கள். காயல் பொங்கி உப்புத்தண்ணீர் கிணற்றுக்குள் போய்விட்டால் அவ்வளவுதான், பாழ். அதனாலேயே சில சதுக்கங்களில் கிணற்றைச் சுற்றி மேடை மாதிரி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மழை பொய்த்தால் பிரெந்தா ஆற்றிலிருந்து படகில் நல்ல தண்ணீர் வரும். அதைக் காவடி மாதிரி ஒரு மரத்தைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் செப்பு வாளி தொங்க, வீடு வீடாகப் போய் விற்ற பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் ஃப்ரியூலி மலைப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1884இல் பெருநிலத்திலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. பிறகுதான் மூடி விழுந்தது.

இப்போது பல சதுக்கங்களில் சின்ன இரும்புக் குழாய் இருக்கும், நல்ல குடிதண்ணீர், காசு கிடையாது. 3 யூரோ கொடுத்து பாட்டில் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். பதினேழு இடங்களைக் கண்டுபிடித்தவளுக்குத் தண்ணீர்க் குழாய் கண்ணில் படவில்லை.

நான் இதை எதிலும் படித்துவிட்டுப் போகவில்லை. என் கணவர் இறந்த மறு வருஷம், 2014 நவம்பரில், வெனிஸுக்குப் பக்கத்து ஊரான பாதுவாவில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்குப் பரீட்சை. "போயிட்டு வாங்க அத்தை, அரை மணி நேரம்தான்" என்று வெனிஸுக்கு ரயில் ஏற்றிவிட்டாள். காயல் மேல் பாலத்தில் ரயில் ஓடும்போது பாம்பன் ஞாபகம் வந்தது, இறங்கிவிடலாமா என்றிருந்தது. அவர் இல்லாமல் நான் போன முதல் வெளியூர் அது. எங்கே பார்த்தாலும் ஜோடி ஜோடியாக மனிதர்கள். கூட்டத்துக்குப் பயந்து சந்து சந்தாகத் திரும்பியதில் கன்னரெஜியோ என்ற பகுதியில் ஒரு சின்ன சதுக்கத்தில் போய் நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாசல் வளைவுக்குள் ஒதுங்கினேன். எனக்கு முன்பே ஒரு பாட்டி அங்கே காய்கறிப் பையோடு ஒதுங்கியிருந்தாள்.

செய்ய வேறொன்றும் இல்லாததால் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சதுக்கத்தில் தேங்கவே இல்லை. கல்லுக்குக் கல் இடுக்கில் மெதுவாக ஊர்ந்து, எல்லாம் நடுவைப் பார்த்துப் போனது. சிகரெட் துண்டு ஒன்று மிதந்துவந்து ஒரு வெள்ளைக்கல்லின் ஓட்டையருகே சுற்றிச் சுற்றி நின்றது, உள்ளே போகவில்லை. தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. நூற்று முப்பது வருஷமாக யாரும் ஒரு வாளி இறைக்காத கிணற்றுக்கு அந்தத் தரை இன்னும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறது. மழை விட்டதும் பாட்டி என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துப்போனாள். நான் அவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. கல் விளிம்பின் உள்பக்கத்தில் ஒரு பள்ளம், பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. என் ஆள்காட்டி விரலை எடுத்து அதில் வைத்தாள். கயிறு அறுத்த தடம். விரல் முழுசாக உள்ளே போனது.

எனக்கு அந்தத் தடம் தெரியும். சித்தி வீட்டுக் கிணற்றுத் துலாக்கல்லில் அது உண்டு. எங்கள் வீட்டுக்கு ஊருணித் தண்ணீர்தான். செருப்போடு இறங்கக் கூடாது, கால் நனைக்கக் கூடாது, ஆடு மாடு வரக் கூடாது. கோடையில் வற்றியதும் ஊற்று தோண்டிச் சிரட்டையால் அள்ளுவோம். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். அம்மாவும் நானும் பாதி ராத்திரி போய் வரிசையில் குடம் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். ஊர்க்கதை முழுக்க அந்த இருட்டில்தான் கேட்டேன். யாருக்குக் கல்யாணம், யார் மாமியார் சோறு போடவில்லை, யார் பம்பாய்க்கு ஓடிப்போனார்கள், எல்லாம். எங்கள் ஊருணியில் எல்லா சாதியும் இறங்க முடியாது. சிலர் கரையில் குடத்தோடு நின்று யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்தார்கள். அதையும் அதே இருட்டில்தான் பார்த்தேன். அதை மறைத்துவிட்டு ஊருணியைப் பாட எனக்கு இஷ்டமில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? தண்ணீர் எடுக்கிற இடத்தில்தான் ஊர் கூடும். வெனிஸில் மணி அடித்ததும் வாளியோடு அத்தனை வீட்டுப் பெண்களும் வந்து நின்ற இடத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். அந்தச் சதுக்கத்தை அவர்கள் கம்போ என்பார்கள், வயல் என்று அர்த்தம். முன்பு அங்கே புல்தான் இருந்தது. இன்று அந்த வயலில் மனிதர்கள் இல்லை. 1951இல் அந்தத் தீவுகளில் ஏறக்குறைய 1,75,000 பேர் வசித்தார்கள். 2022இல் அது 50,000க்குக் கீழே போய்விட்டது. ரியால்டோ பக்கத்தில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் மிச்சமிருப்பவர்களின் எண்ணிக்கையைச் சிவப்பு எழுத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். நீ கவனித்தாயோ என்னவோ. நீ பார்த்த சாத்திய ஜன்னல்களில் பாதி, வார வாடகைக்கு விட்ட வீடுகளாக இருக்கும். உன் தோழி கூட வந்திருந்தாலும் அந்த ஜன்னல்கள் திறந்திருக்காது. நீங்கள் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே அந்தக் கிணற்றைக் கடந்து போயிருப்பீர்கள், ஊர் காலியாகிக்கொண்டிருப்பதே தெரிந்திருக்காது. நீ தனியாக இருந்ததால் உனக்கு அது தெரிந்தது, தெரிந்ததால் அழுதாய். காரணமே தெரியாமல் அழுதேன் என்கிறாயே, இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

மியூனிக்கில் வாரத்துக்கு எத்தனை நாள் யாரோடும் தமிழில் பேசாமல் தூங்கப் போகிறாய் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னைப் பெற்ற அம்மாவுக்கு போன் செய், அழுததையும் சொல். அவர் பயப்பட மாட்டார், அம்மாக்களுக்கு இது தெரியும்.

ஆம்ஸ்டர்டாமுக்குப் போ. துணைக்கெல்லாம் காத்திருக்காதே. காலி பாட்டில் ஒன்று எடுத்துக்கொள். பட்டியல் வேண்டாம்.

அதற்கு முன் எனக்காக ஒரு வேலை செய். அந்தக் கடைசி நாள் சாயங்காலம் எடுத்த படம் ஒன்றாவது உன் போனில் இருக்கும். பெரிதாக்கிப் பார். மூடிக்கும் கல்லுக்கும் நடுவே அந்த உள்விளிம்பு கொஞ்சம் தெரிகிறதா, கயிற்றுத் தடம் இருக்கிறதா, எத்தனை இருக்கிறது? பார்த்து எழுது.

அன்புடன்
அம்மா