பம்பர் வெடிப்பும் உரியும் பெயின்ட்டும்: வாசகர் கேள்வி–பதில்

ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்து, பின் பம்பர் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்துவிட்டது. பட்டி பார்த்து மூடிவிடலாம் என்கிறார் டிங்கர். சரியா, புது பம்பரே வாங்கிவிடவா?
– வாசகர், நாமக்கல்

ஒரு சாண் வெடிப்புக்காகப் பம்பரைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் வெறும் பட்டியும் வேண்டவே வேண்டாம். பம்பர் வளைந்து கொடுக்கிற பொருள். தகரத்துக்குப் போடும் பட்டி வளையாது. வேகத்தடையில் நாலு முறை ஏறி இறங்கினாலே பழைய கோடு பெயின்ட்டைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும்.

பம்பரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். எந்தப் பிளாஸ்டிக் என்பது அங்கே ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். பெரும்பாலான கார்களில் பி.பி. + ஈ.பி.டி.எம்., அதாவது ரப்பர் கலந்த பாலிபுரொப்பிலீன். அதற்கு பி.பி. ராடு, அதாவது உருக்கி ஒட்டுவதற்கான அதே வகைப் பிளாஸ்டிக் குச்சிதான் ஒட்டும். வேறு வகைப் பிளாஸ்டிக்கான ஏ.பி.எஸ். ராடு வைத்து உருக்கினால் பிடித்தது போலத் தெரியும், கையால் முறுக்கினால் பிரிந்துவிடும்.

சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு, வெடிப்பு முடிகிற இடத்தில் 3 மி.மீ. துளை போட வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பு அங்கிருந்து மேலும் ஓடும். பிறகு உள்பக்கம் ஸ்டீல் வலையைச் சூடான இரும்பால் பிளாஸ்டிக்குக்குள் அழுத்திப் புதைத்து, அதன் மேல் ராடை உருக்கி மூட வேண்டும். பலம் முழுக்க இந்த உள்பக்க வேலையில்தான். வெளிப்பக்கம் பாதி ஆழத்துக்கு 'வி' வடிவில் பள்ளம் எடுத்து, ஹாட் ஏர் கன்னில் சுமார் 300 டிகிரி வைத்து ராடும் பம்பரும் சேர்ந்து உருகும்படி நிரப்ப வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம், பிளாஸ்டிக் கருகுகிறது. தானாக ஆற விடுங்கள். ஈரத்துணி வைத்து ஆற்றினால் அந்த இடம் நெளியும்.

தேய்க்கும்போதும் கவனம் வேண்டும். கிரைண்டரை வேகமாக ஓட்டினால் ரப்பர் கலந்த பிளாஸ்டிக் உருகி, பஞ்சு நூல் போல மயிர் மயிராக எழும்பும். அதன் மேல் எதைப் பூசினாலும் சொரசொரப்பு தெரியும். 180 நம்பர் உப்புத்தாளைப் புதிதாக எடுத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். கடைசியில் வரும் சின்னப் பள்ளங்களுக்கு மட்டும், வளைந்து கொடுக்கும் பம்பர் பட்டி 2 மி.மீ.க்குள். சாதாரணமாக 100 கிராம் பட்டிக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் 2 கிராம். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகக் கலந்தால், மேலே அடித்த கலரில் பின்னால் கறை எழும்பும்.

ஃபெண்டரோடு (சக்கரத்துக்கு மேலுள்ள தகரம்) மாட்டும் காதுகள் ஒடிந்து துண்டும் தொலைந்துவிட்டதா? அப்போது புது பம்பரே நல்லது. காது இல்லாத பம்பர் எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் ஓரத்தில் வாய் பிளந்தே நிற்கும்.

பம்பருக்குப் பெயின்ட் அடித்து மூன்று மாதம்தான் ஆகிறது. வாட்டர் வாஷில் தண்ணீரைப் பீய்ச்சியதும் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்துவிட்டது. பெயின்ட் மட்டமானதா?
– வாசகர், திண்டுக்கல்

உரிந்த இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். அடியில் பளிச்சென்று வெறும் கருப்புப் பிளாஸ்டிக் தெரிந்தால், பிளாஸ்டிக் பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடியில் அடிக்கும் பூச்சு) அடிக்கவில்லை அல்லது அடித்தும் பிடிக்கவில்லை. அடியில் கம்பெனிப் பெயின்ட் பளபளப்பாகத் தெரிந்தால், அதைத் தேய்க்காமலே மேலே அடித்திருக்கிறார்கள். இரண்டிலும் கலர் டப்பா மேல் குற்றமில்லை.

பாலிபுரொப்பிலீனில் எதுவும் லேசில் ஒட்டாது. எண்ணெய்ப் பசையும் மெழுகும் இருந்துவிட்டால் இன்னும் மோசம். அதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் கழுவுவது, பிறகு மெழுகு நீக்கும் திரவத்தால் துடைப்பது, அதன் பின்தான் தேய்ப்பது. முதலில் தேய்த்தால் மெழுகைக் கீறலுக்குள் நாமே அழுத்திவிடுகிறோம். சாம்பல் நிற நார்ப் பட்டையால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, மறுபடி துடைத்து, வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடங்களில் மட்டும் பிளாஸ்டிக் பிரைமர் ஒரு மெல்லிய கோட். தடிமனாக அடித்தால் அந்தப் படலமே பிய்ந்து வரும். டப்பாவில் போட்ட நேரத்துக்குள் 2கே பிரைமர், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பிரைமர். அது காய்ந்ததும் 600 நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு கலர் இரண்டு மூன்று கோட், கோட்டுக்குக் கோட் 10 நிமிட இடைவெளி, கடைசியில் கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு இரண்டு கோட்.

உரிந்த இடத்தை மட்டும் டச்-அப் செய்யச் சம்மதிக்காதீர்கள். ஓரத்தில் செல்லோ டேப் அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். அங்கேயும் கையோடு வந்தால் முழுப் பூச்சையும் சுரண்டி எடுத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டில் நீங்களே அடிப்பதாக இருந்தால் ஒன்று: 2கே கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அந்த வேலையைத் தகுந்த சுவாசக் கவசமும் பெயின்ட் பூத்தும் உள்ள கடைக்கு விட்டுவிடுங்கள்.

சில்வர் கார். கம்பெனியின் கலர் கோடு (நிறக் குறியீடு) சொல்லித்தான் கலந்தார்கள். ஆனாலும் பம்பர் தனியாகக் கருத்துத் தெரிகிறது. ஏன்?
– வாசகர், ஆவடி

மெட்டாலிக் கலரில் அலுமினியத் துகள் எப்படிப் படுக்கிறது என்பதுதான் நிறம். ஈரமாக, கிட்டத்தில் அடித்தால் துகள் அடியில் இறங்கிக் கருப்படிக்கும். தள்ளி நின்று வறண்டாற்போல் அடித்தால் வெளுக்கும். ஒரே கலர் கோடுக்குள்ளேயே சாயல் வேறுபாடும் உண்டு. ஒரு தகர அட்டையில் கலரும் கிளியரும் அடித்துக் காயவைத்து, கதவு ஓரத்தில் பிடித்து, வெயிலில் நேராகவும் சாய்த்தும் பார்த்த பிறகே பம்பரில் கை வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்தால் ஏமாற்றமே. இப்போது கிளியரை 800 நம்பரில் மங்கவைத்து, சரிசெய்த கலரும் புதுக் கிளியரும் மறுபடி அடிப்பதுதான் வழி. பாலிஷால் மாறாது.

இன்ஷூரன்ஸ் கிளெய்ம் செய்யலாமா?
– வாசகர், காரைக்குடி

ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) இல்லாத பாலிசி என்றால் பிளாஸ்டிக் பாகத்தின் விலையில் 50% கழித்துக்கொள்வார்கள். 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாயும் போகும். கூடவே நோ கிளெய்ம் போனஸ். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50% தள்ளுபடி அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யமாகிவிடும். பம்பர் பில்லையும், அடுத்த வருடம் கூடுதலாகக் கட்டப்போகும் ஓன் டேமேஜ் (சொந்தக் காரின் சேதத்துக்கான) பிரீமியத்தையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். வெறும் கீறலுக்குக் கைக்காசு போடுவதுதான் பெரும்பாலும் லாபம்.