‘டெர்ரி கேர்ள்ஸ்’ தொடரின் நகைச்சுவை வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு எப்படிப் புரிகிறது?

வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் 1990களில் நடக்கும் இத்தொடரை, லிசா மெக்கீ எழுத, பிரிட்டனின் சேனல் 4 2018 முதல் 2022 வரை ஒளிபரப்பியது. நெட்ஃபிளிக்ஸ் வழியாக அது பல நாடுகளுக்குச் சென்றது. வேகமான டெர்ரிப் பேச்சைப் பின்தொடர, ஆங்கிலம் அறிந்தவர்களும் வசன வரிகளை நாடுகிறார்கள்.

ஆயினும் சிரிப்பின் வேர் குடும்பத்தில்தான் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் பாலத்தில் குண்டு வைக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வரும்போது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்களோ என்பதே தாயின் கவலையாக இருக்கிறது. அந்தத் தாயை எந்த ஊராரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். பெண்கள் பள்ளியில் சேர்க்கப்படும் ஆங்கிலேயச் சிறுவன் ஜேம்ஸ் வெளியாள் என்பதால், வெளிநாட்டுப் பார்வையாளர் அவன் பக்கத்தில் நின்றே ஊரைக் கற்றுக்கொள்கிறார். இது மிக நேர்த்தியான உத்தி என்பது என் கருத்து.

நழுவிப்போவது அரசியல் பின்னணிதான்: வட அயர்லாந்தில் இரு சமூகங்களுக்கிடையே பல்லாண்டுகள் நீடித்த வன்முறை மோதல். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டினருக்கும் உள்ள வேறுபாடுகளை மாணவர்கள் கரும்பலகையில் அடுக்கும் காட்சி அயலாருக்கு வெறும் குறும்பாகத் தோன்றலாம். அந்தப் பிளவோடு வளர்ந்தவர்களுக்கோ அதில் வலியும் உண்டு. அந்தப் பலகை பெல்ஃபாஸ்டிலுள்ள அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்த மோதலை முடிவுக்குக் கொண்டுவர உதவிய, 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி உடன்படிக்கையைப் பற்றிச் சிறிது படித்துவிட்டு, அதன் மீதான வாக்கெடுப்பைச் சித்திரிக்கும் இறுதி அத்தியாயத்தைப் பாருங்கள்.