பதில்: திருட்டுப் பிரதிக்குப் பூட்டுப் போடலாமா?

நண்பரே, தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்தில் இருவராக நடத்தும் கணினி விளையாட்டு ஸ்டூடியோ, விளையாட்டின் சண்டைகளைக் கடினமாக்கிய அப்டேட், விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் குவியும் வசவுகள், கூடவே இணையத்தில் திருட்டுப் பிரதி. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு மென்பொருள் வாங்கலாமா, ஒப்பந்த வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

திட்டுபவர்கள் மீதும் திருடியவர்கள் மீதும் உள்ள இரண்டு கோபங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கில் விளையாட்டு இல்லாதவர் ஸ்டீமில் மதிப்புரை எழுத முடியாது. அங்கே திட்டுபவர் திருடியவர் அல்லர். ஒவ்வொரு மதிப்புரையிலும் விளையாடிய மணிநேரம் தெரியும். நாற்பது ஐம்பது மணிநேரம் ஆடியவர்களின் புகாரை முதலில் படியுங்கள். பழகிய ஆட்டத்தை நீங்கள் மாற்றிவிட்டீர்கள், கோபம் நியாயம்தான். பழைய பதிப்பைத் தனி பீட்டா கிளையாக (விரும்புபவர் தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய தனிப் பதிப்பாக) ஸ்டீமில் இன்றே திறந்துவிட்டு, அதைத் தேர்ந்தெடுக்கும் வழியை அறிவிப்பில் எழுதுங்கள். மன்னிப்புக் கடிதத்தைவிட அது வேகமாக வேலை செய்யும். வெறும் வசைக்குப் பதில் எழுதாதீர்கள், இரவில் கண்டிப்பாக வேண்டாம்.

திருட்டு வலிக்கும், மறுக்கவில்லை. 2013இல், விளையாட்டு நிறுவனம் நடத்துவதைப் பற்றிய ‘கேம் டெவ் டைகூன்’ என்ற விளையாட்டு வெளியான முதல் நாளில் ஆடியவர்களில் 93.6 சதவீதம் பேர் திருட்டுப் பிரதியில்தான் ஆடினார்கள். அந்தப் பிரதியை இணையத்தில் விட்டதே விளையாட்டை உருவாக்கிய ஸ்டூடியோதான். அந்தப் பிரதியில் ஆடுபவர் விளையாட்டுக்குள் நடத்தும் நிறுவனம் திருட்டாலேயே திவாலாகும்! குறும்புதான். ஆனால் ஏற்கெனவே திருட்டுப் பிரதியாகப் பரவிவிட்ட உங்கள் விளையாட்டுக்கு இப்போது பூட்டு வாங்கினால், அந்தத் தொல்லை காசு கொடுத்தவருக்கு மட்டுமே.

ஒப்பந்த வேலையை விடாதீர்கள். ஸ்டீம் வழக்கமாக எடுக்கும் 30 சதவீதம், பணம் திரும்பப் பெறுவோர், வரி எல்லாம் போக மிஞ்சுவதை ராண்டில் கணக்கிட்டுப் பாருங்கள்.