36 வயதில் டிகிரி: கட்டணத்தோடு ஓவர்டைமையும் கணக்கில் வையுங்கள்

கேள்வி: ஐயா, நான் பாடாங் செராயில் இருக்கிறேன். வயது 36. அம்மா தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தவர். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த கையோடு கூலிம் ஹைடெக்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன், இப்போது லைன் லீடர். அடிப்படைச் சம்பளம் 2,080 வெள்ளி (ரிங்கிட்). மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்கிறேன், பிடித்தம் போகக் கைக்கு 2,430 அளவில் வருகிறது. கணவர் லோரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். சுங்கைப்பட்டாணியில் நடந்த கல்விக் கண்காட்சியில், வேலை அனுபவத்தை வைத்தே நேராக டிகிரியில் சேரலாம், பகுதிநேரம், நான்கு வருடம், மொத்தம் 26,000 வெள்ளி என்றார்கள். நிர்வாகத் துறைப் படிப்பு. பேங்கில் பெர்சனல் லோன் எடுக்கலாமா, ஈபிஎஃபில் (ஊழியர் சேமநிதி) எடுக்கலாமா? மாதம் 500 வெள்ளிக் கூட்டு (சீட்டு) ஒன்று கட்டி வருகிறேன், இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதை இப்போதே தள்ளி, அதாவது கழிவு விட்டு, எடுக்கலாமா? ஈபிஎஃப் செஜாத்ரா கணக்கில் (ஓய்வுக்கு முன்பே சில தேவைகளுக்கு எடுக்கக்கூடிய பகுதி) 9,000 இருக்கிறது. "இந்த வயதில் உனக்கு எதற்கு, பிள்ளைகளுக்குச் சேர்த்து வை" என்கிறார் கணவர்.

பதில்: சகோதரி, வயது ஒரு தடையே இல்லை. வேலை அனுபவத்தை வைத்துச் சேர்க்கும் முறை உண்மைதான், அதற்கு 'ஏபெல்' என்று பெயர், யாரும் உங்களை ஏமாற்றவில்லை. 21 வயதைத் தாண்டியவர், படிக்கப் போகும் துறைக்குத் தொடர்புடைய வேலை அனுபவம் உள்ளவர், எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு), டிப்ளமா எதுவும் இல்லாமலே இளங்கலைப் படிப்பில் சேரலாம். அதற்கு ஒரு திறனறித் தேர்வு எழுத வேண்டும், இத்தனை ஆண்டுகள் என்ன வேலை செய்தீர்கள் என்று ஆதாரத்தோடு ஒரு கோப்பும் கொடுக்க வேண்டும். எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் ஏற்பாடு இது. கண்காட்சியில் பலர் சொல்லாமல் விடுவது இன்னொன்று: உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடங்களுக்கு அனுபவத்தின் பேரில் கிரெடிட் விலக்கும் கேட்கலாம், மொத்தத்தில் 30 விழுக்காடு வரை. விலக்கு கிடைத்தால் கட்டணமும் இறங்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

அந்தக் கல்வி நிலையத்தின் பெயரையும் படிப்பின் பெயரையும் எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். கையேட்டில் இருக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து அங்கேயும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இப்போது பணத்துக்கு வருவோம். நீங்கள் 26,000 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அதை எங்கே புரட்டுவது என்று யோசிக்கிறீர்கள். உங்கள் படிப்புக்கு ஆகும் செலவு 26,000 அல்ல. சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2,080-ஐ 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 80 வெள்ளி, 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 10 வெள்ளி. சாதாரண நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஆக மணிக்கு 15 வெள்ளி. 40 மணி நேரத்துக்கு 600. இந்த 600-தான் உங்கள் வீட்டில் மளிகை, பள்ளி வேன், மோட்டார் எண்ணெய் எல்லாம். பகுதிநேரப் படிப்பு என்றால் வகுப்பும் அசைன்மெண்டும் வந்து உட்காரப் போவது இந்த 40 மணி நேரத்தின் மேல்தான். விடியுமுன்னே கம்பெனி பஸ் ஏறி, ஓவர்டைமும் முடித்து, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி, அப்புறம் சமைத்துப் போட்டுவிட்டு யாரும் நான்கு வருடம் புத்தகத்தோடு உட்கார முடியாது.

ஓவர்டைமைப் பாதியாகக் குறைப்பீர்கள் என்று வைப்போம். மாதம் 300 போகும். நான்கு ஆண்டுக்கு 14,400. கட்டணத்தோடு சேர்த்தால் 40,400 வெள்ளி. இதுதான் உங்கள் டிகிரியின் விலை. கண்காட்சியில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்த எண் இருக்காது. ஆலோசகர் என்று அட்டை மாட்டியிருந்தாலும் அவர் விற்பனையாளர்தான். அதில் தப்பில்லை, அது தெரிந்து பேசினால் சரி.

ஓவர்டைமில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஓவர்டைம் பணத்துக்கு ஈபிஎஃப் பிடிப்பதில்லை, முதலாளியும் கட்டுவதில்லை. நீங்கள் பல வருடமாக உடம்பை வருத்திச் சம்பாதித்த அந்த 600-லிருந்து ஒரு காசுகூட உங்கள் ஓய்வுக்காலக் கணக்கில் ஏறவில்லை. அடிப்படைச் சம்பளம் உயர்ந்தால் கதை வேறு. 5,000 வெள்ளி வரை சம்பளம் உள்ளவருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. அடிப்படை 600 கூடினால் முதலாளி மாதம் 78 வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டும். ஓவர்டைம் விலையும் அதோடு சேர்ந்து ஏறும். படிப்பதற்குப் பண ரீதியாக ஒரு நியாயம் உண்டென்றால் அது இதுதான்: மணிக்கணக்கில் வரும் காசை அடிப்படைச் சம்பளமாக மாற்றிக்கொள்வது.

ஆனால் மாறுமா? எனக்குத் தெரியாத, நீங்கள் மட்டுமே கேட்டுச் சொல்லக்கூடிய விஷயம் அது. எச்.ஆரிடம் போய், "இந்த டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் பதவிக்கு என் பெயரைப் பார்ப்பீர்களா, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?" என்று நேராகவே கேளுங்கள். கூடவே, சூப்பர்வைசர் ஆனால் ஓவர்டைம் உண்டா என்றும் கேளுங்கள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாதவரை சட்டப்படி உங்களுக்கு உண்டு, பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும். கடந்த சில ஆண்டுகளில் உங்கள் பிரிவில் லைன் லீடராக இருந்து மேலே போனவர்கள் யார், அவர்கள் கையில் என்ன சான்றிதழ் இருந்தது என்பதையும் விசாரியுங்கள். எச்.ஆர். சொல்வதைவிட இது நம்பகமான பதில்.

600 கூடும் என்று பதில் வந்தால், முதலாளியின் ஈபிஎஃப் பங்கோடு மாதம் 678. நாற்பதாயிரத்துச் சொச்சத்தை இதில் மீட்க ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும். 37-ல் தொடங்கி 41-ல் முடித்தால் 46 வயதில் போட்ட பணம் திரும்பிவிடும், ஓய்வு வயது 60 வரை மிச்சமெல்லாம் லாபம். 200 மட்டும்தான் கூடும் என்றால் 15 ஆண்டு ஆகும், அப்போது உங்களுக்கு 56. அந்தப் படிப்பை ஆசைக்காகப் படியுங்கள், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடன் வாங்கிப் படிக்காதீர்கள்.

சரி, டிகிரி தேவையே இல்லை, டெக்னிகல் தகுதி இருந்தால் போதும் என்று கம்பெனி சொன்னால்? அப்போது எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழைப் பாருங்கள். வகுப்பில் உட்காராமல், செய்த வேலையையே ஆதாரமாகக் காட்டி அந்தச் சான்றிதழைப் பெறும் வழியைத் திறன் மேம்பாட்டு இலாகா வைத்திருக்கிறது, பிபிடி என்பார்கள். நான்காம் நிலையிலிருந்து அது டிப்ளமா. நம் ஆட்கள் பலர் இதைத் படிப்பு வராத பையன்களுக்கானது என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். தொழிற்சாலைக்குள் இதற்கு மதிப்பு உண்டு, செலவும் குறைவு.

இப்போது நீங்கள் கேட்ட வழிகள். பெர்சனல் லோன் வேண்டாம். விளம்பரத்தில் 'பிளாட் 8 விழுக்காடு' என்று இருந்தால், 26,000-க்கு ஐந்து ஆண்டில் வட்டி மட்டும் 10,400. மாதத் தவணை 607. கடன் குறையக் குறைய வட்டி குறையாது, முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி கட்டுவதால் உண்மையில் அது 14 விழுக்காட்டுக் கடன். தவணை 607, குறைந்த ஓவர்டைம் 300, ஆக மாதம் 907 வெள்ளி ஓட்டை. 2,430-ல் இதை எடுத்தால் மூன்றாம் மாதமே ஓவர்டைமுக்குத் திரும்பிவிடுவீர்கள், படிப்பு பாதியில் நிற்கும், தவணை மட்டும் ஓடும். அதைவிட, நான்கு வருடக் கட்டணத்தை முதல் நாளே கடனாக வாங்க அவசியமே இல்லை. செமஸ்டருக்குச் செமஸ்டர் கட்டலாம். ஆண்டுக்கு மூன்று செமஸ்டர் என்றால் ஒவ்வொன்றும் 2,170 அளவில்தான் வரும்.

பிடிபிடிஎன் எனப்படும் அரசாங்க உயர்கல்விக் கடன் பெர்சனல் லோனைவிடப் பல மடங்கு நல்லது, கடனுக்கான சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான், விண்ணப்பிக்க 45 வயது வரை இடம் உண்டு. ஆனால் எல்லாப் பகுதிநேரப் படிப்புக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சேரப் போகும் அந்தப் படிப்புக்கு உண்டா என்று கல்வி நிலையத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கட்டாமல் விட்டால் பேங்குகள் பார்க்கும் சிசிஆர்ஐஎஸ் கடன் பதிவில் ஏறும், பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது தெரியும். வருமான வரியில் 7,000 வரை படிப்புக்குக் கழிவு உண்டு என்றும் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது. அதை மறந்துவிடுங்கள்.

ஈபிஎஃப் செஜாத்ரா கணக்கிலிருந்து டிப்ளமா, டிகிரி கட்டணத்துக்கு எடுக்க முடியும். சேர்க்கைக் கடிதமும் கட்டண பில்லும் வேண்டும். ஆனால் அந்த 9,000 எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். 2,080-க்கு நீங்களும் முதலாளியும் சேர்ந்து கட்டுவது மாதம் ஏறத்தாழ 499. அதில் 15 விழுக்காடுதான் செஜாத்ராவுக்கு, மாதம் 75. மொத்தமாக எடுத்தால் மறுபடி 9,000 சேரப் பத்து வருடம் ஆகும். எடுக்காமல் விட்டால், ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று கணக்கு வைத்தாலும் 55 வயதில் அது 22,700 ஆகியிருக்கும். கோவிட் காலத்தில் நம் ஊர்களில் எத்தனையோ பேர் ஐ-சினார், ஐ-சித்ரா என்ற சிறப்புத் திட்டங்களில் ஈபிஎஃப் பணத்தைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். உங்களிடம் இன்னும் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு ஒரு செமஸ்டர் கட்டணத்தை மட்டும் அங்கிருந்து எடுங்கள்.

கூட்டை இப்போது தள்ளி எடுக்காதீர்கள். கழிவு போகத்தான் கைக்கு வரும், எடுத்த பிறகும் எட்டு மாதம் கட்ட வேண்டும். கூட்டு நடத்துவதே 1971 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டது, பிடிப்பவர் ஓடிவிட்டால் கேட்க வழி இல்லை, அது உங்களுக்கும் தெரியும். தொடங்கிவிட்டீர்கள், கடைசி வரை கட்டி முழுத் தொகையாக எடுங்கள், அடுத்ததில் சேராதீர்கள். எட்டு மாதம் கழித்து மாதம் 500 வெள்ளி உங்கள் கையில் விடுபடும். அப்போதுதான் சேருங்கள். ஈபிஎஃப் போக மீதி இரண்டு செமஸ்டருக்கு மாதம் 362 போதும், விடுபட்ட 500-ல் அது அடங்கும். கூட்டில் வந்த தொகையைத் தொடாமல் வைத்தால் ஓவர்டைம் குறையும் மாதங்களை அது தாங்கும். நகையை அடகு வைக்க நினைத்தால், மாதம் ஒன்றரை, இரண்டு விழுக்காடு வட்டி நான்கு வருடத்தில் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. பிள்ளைகளுக்குச் சேர்க்கத்தான் வேண்டும். எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பில் மாதம் 50 போட்டால்கூடப் போதும், ஆரம்பியுங்கள். ஆனால் பிள்ளைகளுக்குப் 18 வயதில் பிடிபிடிஎன் வாசல் திறந்திருக்கும், உங்களுக்கு அது 45-ல் சாத்தப்படும். அவரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். 'எனக்குப் படிக்க ஆசை' என்பதைவிட '46 வயதில் பணம் திரும்பும்' என்ற வரி வீட்டில் எளிதாக எடுபடும்.

எட்டு மாதம் சும்மா இருக்க வேண்டாம். எச்.ஆர். பதிலை வாங்குங்கள், ஏபெல் தேர்வை முடியுங்கள், கோப்புக்குப் பயிற்சிச் சான்றிதழ், பாராட்டுக் கடிதம், வேலைப் பட்டியல் எல்லாம் திரட்டுங்கள். நடுவில் இரண்டு மாதம் ஓவர்டைமை 20 மணி நேரமாகக் குறைத்துப் பாருங்கள். விட்ட அந்த நேரத்தில் ஏபெலுக்குப் படியுங்கள். வீட்டுச் செலவு அந்த இரண்டு மாதமும் கடன் இல்லாமல் ஓடினால் சேருங்கள். ஓடவில்லை என்றால் ஒரு செமஸ்டருக்கு எடுக்கும் பாடங்களைக் குறைத்து, நான்கு வருடத்தை ஆறாக நீட்ட முடியுமா என்று கல்வி நிலையத்தில் கேளுங்கள். பகுதிநேர மாணவர்களுக்குப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். பதிவுக் கட்டணத்தை அதற்கு முன் கட்டாதீர்கள், "சலுகை இந்த வாரத்தோடு முடிகிறது" என்று வாட்ஸ்அப்பில் எத்தனை முறை வந்தாலும்.